30 விநாடி வேகம், 15 விநாடி ஓய்வு

இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, “எதுக்கு?” என்பதுதான். அடுத்த கேள்வி, “அப்போ அன்னிக்குச் சமையல்?” முதல் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் கிடையாது. ஆசை, அவ்வளவுதான். இரண்டாவதற்குப் பதில் இருந்தது. என் வீட்டுக்காரர் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் நன்றாகவே செய்வார். என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது கேள்வி. அதை வேறு யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். ‘பயிற்சிக்கு நேரம் ஏது?’

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கிராமம் கிராமமாகப் பெண்கள் சைக்கிள் பழகிய காலம் அது. என் அம்மாவும் பழகினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாடகை சைக்கிளில் தெருக்கோடி வரை போய்வந்து நின்ற அவள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பதினொரு வயதில் எனக்கு அதே சைக்கிளில் பாலன்ஸ் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

பிறகு கல்யாணம், கோயமுத்தூர், இரண்டு குழந்தைகள். பெரியவன் காலேஜுக்குப் போனதும் அவன் சைக்கிள் சும்மா நின்றது. அதைத் துடைத்து எடுத்தேன். காலையில் பத்து கிலோமீட்டர் என்று ஆரம்பித்தது முப்பதாயிற்று, ஐம்பதாயிற்று. நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டோம். அவர்களில் ஒருத்திதான் ‘ப்ரெவே’ பற்றிச் சொன்னாள்.

இது பந்தயம் இல்லை. முதலாவது, இரண்டாவது என்று பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்கவேண்டும், அவ்வளவே. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. பிரான்ஸ் தேசத்தில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் என்ற 1200 கிலோமீட்டர் ஓட்டம்தான் இதற்கெல்லாம் பாட்டி. இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதற்கு 90 மணி நேரம். அவ்வளவு தூரம் நான் கனவுகூடக் காணவில்லை. இருநூறு போதும் என்று 2024 ஆடி மாதத்து ப்ரெவே ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன்.

பெயர் கொடுத்த பத்தாம் நாள், பங்குனிக் கடைசியில், அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன். என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாக்கரைப் பிடித்து நாலு அடி வைப்பதே பெரிய பாடு. காலையில் இரண்டு மணி நேரம் வெளியே ஓட்டுவது என்பது அன்றோடு போயிற்று. அவர்களைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டுக்காரர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகலாம். மற்ற நாட்களில் என்னிடம் மிஞ்சியது, வீட்டுக்குள்ளேயே, காலை டிபனுக்கும் அத்தையின் குளியலுக்கும் நடுவில் நாற்பது நிமிஷம்.

பெயரை எடுத்துவிடலாம் என்றே இருந்தேன். அப்போதுதான் என் நாத்தனார் மகள் வந்தாள். பிசியோதெரபி படித்தவள். தன் அம்மாயிக்கு நடைப்பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வருவாள். “பத்து அடி நட அம்மாயி. உட்காரு. மூச்சு வாங்கட்டும். இப்ப மறுபடி பத்து அடி” என்று அவள் நடத்துவதைப் பார்த்துக்கொண்டே என் கவலையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அத்தை, அம்மாயிக்கு நான் என்ன பண்றேனோ அதேதான் உங்களுக்கும். பேருதான் வேற. இன்டர்வெல் ட்ரெயினிங்.”

சினிமாக் கொட்டகையில்தான் இன்டர்வெல் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது உடம்புக்கு. கொஞ்ச நேரம் மிகக் கடுமையாக உழைப்பது, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி உழைப்பு. நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. 1930-களிலேயே ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைன்டெல் என்ற டாக்டரும் ஓட்டக்காரர்களை இப்படிப் பழக்கினார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக்கும் விட்டு விட்டு வேகமாக ஓடிப் பழகியவர்தான். (அவர் மனைவி டானா அதே ஒலிம்பிக்கில் ஈட்டி எறிவதில் தங்கம் வாங்கினார் என்பதையும் நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது!)

“அதெல்லாம் சரி. நாற்பது நிமிஷம் ஓட்டிப் பழகி, பதிமூன்று மணி நேரம் ஓட்ட முடியுமா?” என்றேன்.

அதற்கு அவள் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு மாத வருமானம் முப்பதாயிரம், செலவு இருபத்தைந்தாயிரம். மாதக் கடைசியில் கை பிசையத்தான் வேண்டும். அதே வீட்டு வருமானம் நாற்பதாயிரமானால்? செலவு அதேதான், ஆனால் மூச்சு விடலாம். உடம்பு ஒரு நிமிஷத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுத்துச் செலவழிக்க முடியுமோ, அதுதான் உடம்பின் வருமானம். முப்பது வயதுக்கு மேல், பயிற்சி இல்லாதவர்களுக்கு அது பத்து வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. அதை உயர்த்திவிட்டால், நாள் முழுக்க ஓட்டும் அதே நிதான வேகம் உடம்புக்குச் சின்னச் செலவாகிவிடும்.

அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் உடம்பைக் கொஞ்ச நேரமாவது வைத்திருந்தால்தான் அது உயரும். ஒரே மூச்சில் அங்கே நிற்க யாராலும் முடியாது. பதினாறு குடம் தண்ணீரை ஒரே நடையில் கொண்டுவர முடியுமா? ஒவ்வொன்றாக, நடுவில் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கொண்டுவந்தால் தொட்டி நிரம்பிவிடுகிறது அல்லவா? அதே கணக்குதான். விட்டு விட்டுச் செய்யும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைகளுக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன.

நார்வேயில் ரோன்னெஸ்டாட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும், நன்றாகப் பழகிய சைக்கிள்காரர்களை இரண்டு பிரிவாக்கி, வாரம் இரண்டு நாள் வீதம் பத்து வாரம் ஓட்டவைத்தார்கள். ஒரு பிரிவுக்கு 5 நிமிஷக் கடும் ஓட்டம் நாலு தடவை. மற்றப் பிரிவுக்கு 30 விநாடி வேகம், 15 விநாடி ஓய்வு, இப்படிப் பதிமூன்று தடவை ஒரு சுற்று. மொத்தம் மூன்று சுற்று. 2015-ல் வெளியான முடிவில், முதல் பிரிவுக்கு அந்த ‘வருமானம்’ 2.6 சதவீதம்தான் கூடியிருந்தது. முப்பது விநாடிப் பிரிவுக்கு 8.7 சதவீதம்.

“ஆனா அத்தை, நாளைக்கே ஏறி மிதிக்கக் கூடாது. முதல்ல டாக்டரைப் பாருங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க” என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். இரண்டும் நன்றாக இருந்தன. ஹீமோகுளோபின் 11.4. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. நம்மில் இரண்டு பேரில் ஒருவருக்கு! ஆக்ஸிஜனைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான். அது குறைவாக இருக்கும்போது கடும்பயிற்சி செய்வது, தீரப்போகிற சிலிண்டரை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையல் ஆரம்பிப்பது போலத்தான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாக உடம்பில் சேரும் என்றார். ஒரு மாதம் மெதுவாக மட்டும் ஓட்டினேன். மறுபடி பார்த்தபோது 12.1. “இனிமேல் ஆரம்பிக்கலாம்” என்றார்.

பின்சக்கரத்தைத் தூக்கி மாட்டி, இருந்த இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிப் பின்தாழ்வாரத்தில் வைத்தார் என் வீட்டுக்காரர். எதிரே அத்தையின் நாற்காலி.

செவ்வாய்க்கிழமை முப்பது விநாடி ஓட்டம். பத்து நிமிஷம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு, 30 விநாடி வேகம், 15 விநாடி இலேசான மிதி. முதல் வாரம் எட்டு தடவை, ஒரே சுற்று. ஏழாவது வாரத்தில்தான் பதிமூன்று தடவை வீதம் இரண்டு சுற்று வந்தது. நடுவில் 3 நிமிஷம் ஓய்வு. வெள்ளிக்கிழமை நீளமான ஓட்டம்: 4 நிமிஷம் கடினமாக, 3 நிமிஷம் மெதுவாக, இப்படி நாலு தடவை. இதுவும் நார்வேக்காரர்கள் சோதித்துப் பார்த்த முறைதான். சூடு பண்ணுவது, ஆற்றுவது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

‘கடினம்’ என்றால் எவ்வளவு? 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும். எனக்கு வயது நாற்பத்து நாலு; கணக்கு 177. நாலு நிமிஷ ஓட்டத்தின் கடைசியில் அதில் 90 முதல் 95 சதவீதம், அதாவது 160-லிருந்து 168 வரை போகவேண்டும். கைக்கடிகாரத்தில் துடிப்பு பார்க்கும் வசதி இல்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வரவில்லையென்றால், அதுதான் கடினம். கதை பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம்.

மணி பார்க்க ஆள் வேண்டுமே? அத்தையே அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பித்தளை டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். “போ அம்மிணி!” முப்பதாவது விநாடியில் இன்னொரு தட்டு. “நில்லு!” முதல் நாள் என் மூச்சிரைப்பைக் கேட்டுப் பயந்துபோய், “என்னத்துக்குச் சாமி இந்தப் பாடு?” என்றவர்கள், இரண்டாவது வாரத்தில், “போன தடவைக்கு இந்தத் தடவை சக்கரம் மெதுவாச் சுத்துதே?” என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! நான் ஆற்றுகிற ஐந்து நிமிஷத்தில் அவர்களுடைய நடை ஆரம்பமாகும். வாக்கரோடு பத்து அடி, உட்காருதல், மறுபடி பத்து அடி. அதற்கு நான் கணக்குச் சொல்வேன்.

ஒருநாள், இரண்டு சுற்றுக்கும் நடுவில் இருந்த 3 நிமிஷத்தில், கொடியில் கிடந்த துணிகளை மடிக்கலாமென்று இறங்கினேன். டம்ளர் சத்தம் கேட்டது.

“உட்காரு அம்மிணி. இப்ப உனக்கு ஓய்வு. துணி எங்கீம் ஓடிப்போகாது.”

“மூணு நிமிஷந்தானே அத்தை, சும்மா உட்கார்ந்து என்ன பண்றது?”

“சும்மா உட்காரத்தான் அந்தப் புள்ளை சொல்லியிருக்குது. அம்பது வருசமா இந்த வூட்டுல நான் வேலை செஞ்சிருக்கறேன். இத்தனை நேரம் வேலை, இத்தனை நேரம் ஓய்வுன்னு எனக்கு ஒருத்தரும் கணக்குப் போட்டுக் குடுத்ததில்லை. உனக்குக் குடுத்திருக்குதல்ல, எடுத்துக்கோ.”

நான் உட்கார்ந்தேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சகோதரிகளே, நம்முடைய நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்துவரை ஓயாமல் ஏதோ ஒன்று. அதில் இதயம் வலுப்படும்படி மூச்சு முட்டும் வேலையும் அதிகம் கிடையாது; காலை நீட்டி உட்காரும் நேரமும் கிடையாது. எல்லாமே நடுத்தரம். ‘நாள் பூரா வேலை செய்யறேன், எனக்கெதுக்குத் தனியா உடற்பயிற்சி?’ என்று நாம் கேட்பது இதனால்தான். பெரிய நீண்டதூர விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்ற அறிஞர், அவர்களுடைய பயிற்சியில் சுமார் 80 சதவீதம் மிக மெதுவானது, 20 சதவீதம் மிகக் கடினமானது என்று கண்டிருக்கிறார். கடினத்தைக் கடினமாகச் செய்கிறார்கள். ஓய்வை ஓய்வாக எடுக்கிறார்கள். உடம்பு வலுப்பெறுவது ஓட்டும்போது அல்ல, ஓட்டிவிட்டு ஓயும்போது. அன்றிலிருந்து மத்தியானம் இருபது நிமிஷம் படுப்பதை என் பயிற்சி நோட்டில் எழுதிவைத்தேன். யாரும் எழுப்பவில்லை. எழுப்பினால் டம்ளர் சத்தம் கேட்குமே!

இன்டர்வெல் மட்டும் செய்தால் இருநூறு கிலோமீட்டர் போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கச் சீட்டில் உட்கார உடம்பு பழகவேண்டும். ஓட்டிக்கொண்டே சாப்பிட வயிறு பழகவேண்டும். அதற்கு ஞாயிறு. விடியலில் கிளம்பி முதலில் மூன்று மணி நேரம், பிறகு நாலு, ஐந்து என்று மெதுவாக, கதை பேசிக்கொண்டே ஓட்டினோம். மணிக்கு ஒரு வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சை நீர்.

ஆடி மாதத்து அந்த ஞாயிறும் வந்தது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி சூலூர், பல்லடம், குண்டடம், தாராபுரம் தாண்டி, நூறாவது கிலோமீட்டரில் திரும்பவேண்டும். போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளிற்று. மிதிக்காமலே போவது போல, நாலரை மணி நேரத்தில் திருப்பத்தைத் தொட்டுவிட்டேன். திரும்பும்போது அதே காற்று எதிரே. குண்டடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். வேகம் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் ஏறவில்லை. என்னோடு வந்த இரண்டு ஆண்கள் வழியில் ஒரு டீக்கடையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அங்கேதான் அந்த நாற்பது நிமிஷங்கள் கை கொடுத்தன. பெரிய காற்று வந்து மோதும்போதெல்லாம் மூச்சு இரைத்தது. ஆனால் பயம் வரவில்லை. தாழ்வாரத்தில் வாரம் இரண்டு நாள் பழகிய மூச்சுதானே! ‘இது நாலு நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டு குனிந்து மிதிப்பேன். காற்று தணிந்ததும் கால்களுக்கு ஓய்வு கொடுப்பேன். உடனே துடிப்பு இறங்கும். முன்பெல்லாம் ஒரு மேம்பாலம் ஏறினால் அடுத்த மூன்று கிலோமீட்டருக்குப் படபடப்பு அடங்காது. இறைத்த மூச்சு சீக்கிரம் அடங்குவதுதான் இந்தப் பயிற்சியின் பலன் என்று அன்று உடம்பே சொல்லிற்று. மாலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு முடித்தேன். ஆறரைக்குக் கெடு.

இராத்திரி வீட்டுக்கு வந்தபோது அத்தை ஊன்றுகோலோடு வாசல் கேட்டுவரை வந்து நின்றார்கள். “எத்தனை அடி வெச்சீங்க அத்தை?” என்றேன். “எண்ணலை போ” என்றார்கள்.

சைக்கிள் இல்லாத சகோதரிகளுக்கும் வழி உண்டு. ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்து நோசே ஹிரோஷி குழுவினர், நடுவயதுக்காரர்களையும் முதியவர்களையும் 3 நிமிஷம் வேகநடை, 3 நிமிஷம் மெதுநடை என்று ஐந்து முறை, வாரம் நாலு நாள் நடக்கவைத்தார்கள். ஐந்து மாதத்தில் கால் வலுவும் மூச்சு வலுவும் கூடி, ரத்த அழுத்தமும் குறைந்தது என்று 2007-ல் எழுதியிருக்கிறார்கள். மொட்டைமாடி போதும், செருப்பு நன்றாக இருந்தால் சரி.

சில எச்சரிக்கைகள். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். பிரசவமானவர்கள் குறைந்தது ஆறு வாரப் பரிசோதனை முடியும்வரை பொறுங்கள். சிசேரியன் என்றால் டாக்டர் சொல்லும் வரை. இருமும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிந்தால் முதலில் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைக் கேட்டுப் பழகுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். கடும்பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும். அடுத்தடுத்த நாளில் வேண்டாம். பட்டினி கிடந்து செய்யவும் வேண்டாம். மாதவிலக்கு தப்பிப்போனால், சாப்பாடு போதவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

தையில் 300 கிலோமீட்டர் ஒன்று வருகிறது. இருபது மணி நேரம், இரவிலும் ஓட்டவேண்டும். “இராத்திரியில டம்ளர் யாரு தட்டுவாங்க?” என்று அத்தைக்கு ஒரே கவலை. செவ்வாய்க்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறோம்.